பாதிப் பணம்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலை போனவன் அனுபவச் சான்றிதழைப் பத்து நகல் எடுப்பான். உடம்புக்கு முடியாதவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கொண்டுவருவார். பிரியப்போகிற புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கல்யாணச் சான்றிதழை அடுத்தடுத்த நாளில் தனித்தனியாக வந்து நகல் எடுத்துப் போவார்கள். காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்வையைத் தெருப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் இந்தத் தொழிலுக்கு மரியாதை. நானும் திருப்பிக்கொள்வேன். அதற்குள் படித்து முடித்திருப்பேன், அவ்வளவுதான்.

அடுத்த கடை சோபாக்காரருடையது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அவர் ஆணி அடித்தால் என் மெஷின் அதிரும். என் மெஷினில் காகிதம் சிக்கினால் அவர் அந்தப் பக்கமிருந்து சிரிப்பார். கடை வாசலில் காலொடிந்த சோபாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். உள்ளே ஸ்பாஞ்சுத் தகடுகள், ரெக்சின் சுருள்கள், சாக்குத் துணி, சுருள்கம்பி, பசை வாடை. ஆள் நிற்க மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு தையல் மெஷின். அதில் அவர் மனைவி உட்கார்ந்து உறைகள் தைப்பார். அவரை நான் அக்கா என்றும் இவரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. பதினோரு வருஷம் ஒரே தகரத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் உறவு தானாக வந்துவிடுகிறது.

இரண்டு தெரு தள்ளி, மாடியில் அவர்கள் வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வங்கிக் கடனில் வாங்கியது. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். அந்த ஜன்னலுக்குக்கூட அக்கா கரை வைத்துத் திரை தைத்துப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் சோபா செய்கிறவர் வீட்டில் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலிதான். கேட்டால், இன்னும் பன்னிரண்டு வருஷம் தவணை இருக்கிறது, அது முடியட்டும் என்பார். வெளியூரில் படிக்கிற மகள் லீவில் வந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சோபாக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதி வேலையை யாருக்கும் காட்ட மாட்டார். பிரித்துப்போட்ட சோபாமேல் பழைய போர்வை ஒன்றை மூடிவைப்பார். சோபாவைக் கொடுத்தவர் பார்க்க வந்தால் "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கு வந்தாலும் அதே பதில்தான். போன் அடித்தால் யார் நம்பர் என்று பார்த்துவிட்டு ஸ்பாஞ்சின்மேல் கவிழ்த்து வைப்பார். அது அடித்து அடித்து அடங்கும். வேலை முடிந்த அன்றைக்கு அவரே கூப்பிட்டுச் சொல்வார். திட்ட வந்தவர்கள் சோபாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசின காசுக்குமேல் கொடுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கேட்டேன், போனை எடுத்து இன்னும் ரெண்டு நாளாகும் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று.

"வயித்தக் கிழிச்சுப் போட்ட சோபாவ பார்த்தா அவங்களுக்கு மனசு விட்டுப் போயிரும் தம்பி. இது தேறாதுன்னு முடிவு கட்டிருவாங்க. முடிச்சு வச்சுட்டுக் கூப்பிட்டா பட்ட கோவமெல்லாம் போயிரும்" என்றார்.

சோபாவுக்கு இது சரிதான். இதே வித்தையை அவர் வங்கியிடமும் காட்டினார். அங்கேதான் வந்தது வினை.

விஷயம் ஒரு சினிமா தியேட்டரில் ஆரம்பித்தது. நூற்று நாற்பது சீட்டுக்கு உறை மாற்ற வேண்டும் என்று பெரிய ஆர்டர். சின்னதாக ஒரு முன்பணம் கொடுத்தார்கள். மீதியை நம்பி, கையிலிருந்ததை எல்லாம் போட்டு ரெக்சினும் ஸ்பாஞ்சும் வாங்கி, இரண்டு பேரும் இரண்டரை மாதம் முதுகு ஒடிய வேலை செய்தார்கள். மதியம் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு அப்படியே வேலைக்குத் திரும்புவார்கள். வேலை முடிந்து மூன்றாம் வாரம் தியேட்டரை இழுத்து மூடினார்கள். முதலாளி இருக்கிற இடம் தெரியவில்லை. புது உறை போட்ட சீட்டுகள் பூட்டின கதவுக்குப் பின்னால் இருட்டில் கிடந்தன.

அந்த மாதம் தவணை பதினெட்டாயிரம். அண்ணன் கையில் இருந்தது பதினோராயிரம். பாதிக்குமேல் இருக்கிறதே என்று நீங்களும் நானும் அதைக் கட்டிவிட்டு மீதிக்கு அவகாசம் கேட்டிருப்போம். அவர் எடுத்து வைத்துக்கொண்டார், முழுசாகச் சேர்ந்ததும் கட்டலாம் என்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் யாரும் சோபாவை வீட்டை விட்டு வெளியே எடுக்க மாட்டார்கள். வந்த ஒன்றிரண்டு வேலையும் அவர் கையில் நாள்கணக்கில் இழுத்தது. முன்பெல்லாம் மூன்று நாளில் முடிகிற சோபா எட்டு நாள் கிடந்தது. வேலையே இல்லாதபோது நிதானமாகச் செய்கிறார் போலிருக்கிறது என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். பதினோராயிரம் மகளின் கல்லூரிக் கட்டணத்தோடு கரைந்தது. அடுத்த மாதம் ஒன்பதாயிரம் சேர்ந்தது, அது ரெக்சின் கடைக்காரனுக்குப் போனது. வங்கியிலிருந்து போன் வந்தது. அண்ணன் ஸ்பாஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தார்.

தவணை கட்டாமல் நிற்பது அக்காவுக்குத் தெரியாது.

ரிஜிஸ்டர் தபால் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். அண்ணன் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ரெண்டு காப்பி எடு. எடுக்கறதுக்கு முன்னாடி படிச்சு அர்த்தம் சொல்லு."

எனக்கென்ன தெரியும் அக்கா, நான் எதையும் படிக்கிறதில்லையே என்று இழுத்தேன்.

"நடிக்காத. நீ படிப்பேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்."

படித்தேன். நாலு தவணை பாக்கி. அறுபது நாளைக்குள் அபராத வட்டியோடு கட்டாவிட்டால் வங்கி வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு விடும். கடன் வாங்கியவர்கள் என்று இரண்டு பேர் பெயரும் இருந்தது. சொல்லி முடித்தேன். அக்கா அழவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுங்கறது எழுத்துலயும் போட்டிருக்கா, நம்பர்ல மட்டும் போட்டிருக்கா?"

"ரெண்டுலயும் போட்டிருக்குக்கா."

தலையாட்டிவிட்டுக் காப்பிக்குக் காசை வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் திரும்பி வந்தபோது கடிதம் தையல் மெஷின்மேல் இருந்தது. அக்கா நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் என் மெஷினை அணைத்துவிட்டேன். ஒட்டுக்கேட்கிற புத்திதான், இல்லை என்று சொல்லவில்லை.

"சேர்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் அண்ணன்.

"மொத மாசம் கையில எவ்வளவு இருந்துச்சு?"

"பதினொண்ணு."

"அதக் கட்டியிருக்கலாமில்ல?"

"பாதிப் பணத்தக் கொண்டுபோய் எப்படி நீட்டுறது?"

தையல் மெஷின் நின்றது. பிறகு அக்கா, வீட்டுக்கு நான் முன்னாடி போறேன், கடையைப் பூட்டிக்கிட்டு வாங்க என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று வாரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் அலைந்தார்கள். அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் தன் செலவையெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டு, டீ கொடுத்து அனுப்பினாராம். தியேட்டர் முதலாளியின் மைத்துனன் அடுத்த வாரம் என்றான், அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. இந்த வித்தையை அண்ணனிடமே காட்டுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. மகளிடம் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அப்போதுதான் சிரிப்புக்காரர் வந்தார். பெயர் வேறு ஏதோ, ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் சிரிப்புக்காரர்தான். வீட்டுக் கடனில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிவந்து உதவுவது அவர் தொழில். போர்வை மூடியிருந்த சோபாவின் கைப்பிடியில் உரிமையோடு உட்கார்ந்தார். தேனொழுகப் பேசினார். ஒரு லட்சம், ஒரே தடவையில், கையில். வருமானச் சான்று வேண்டாம், ஜாமீன் வேண்டாம், இரண்டு கையெழுத்து போதும். சனிக்கிழமை காலையில் கையெழுத்து, மதியமே வங்கியில் மொத்தப் பாக்கியும் கட்டிவிடலாம்.

அண்ணன் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன். "முழுசா கொண்டுபோய் வச்சுட்டுத் தலை நிமிர்ந்து வரலாம் தம்பி" என்றார். அக்கா மட்டும், ஒண்ணுமே கேட்காம எதுக்கு ஒருத்தன் லட்சத்தத் தூக்கிக் கொடுக்கறான் என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

வியாழக்கிழமை சிரிப்புக்காரரின் ஆள் ஒரு பத்திரக் கட்டைக் கொண்டுவந்து மூன்று நகல் கேட்டான். கண்ணாடியில் கவிழ்ப்பதற்குள் என் கண் தன் வேலையைச் செய்தது. முதல் ஆறு பக்கம் கடன் ஒப்பந்தம். ஏழாம் பக்கத்தில், ஆறு மாதத்தில் வட்டியோடு பணம் திரும்பாவிட்டால் வீட்டை என்ன விலைக்கும் யாருக்கும் விற்கச் சிரிப்புக்காரருக்கு முழு அதிகாரம் என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. வட்டி விகிதம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நகலைக் கொடுத்தேன், காசு வாங்கினேன். அவன் போனபிறகு யோசித்தேன். ஒரு வாடிக்கையாளரின் காகிதத்தில் இருந்ததை இன்னொருவரிடம் போய்ச் சொன்னால் நாளைக்கு எவன் என் கடைக்குக் காகிதம் கொண்டுவருவான்? இத்தனை வருஷம் படித்தேனே தவிர வாயைத் திறந்ததில்லை. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன். பத்தாமல் இன்னொன்று குடித்தேன். பிறகு தகரத்தைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்தவன் காகிதத்தப் படிக்கறதுதான் உன் பொழப்பா?" என்றார்.

"அவன அப்புறம் திட்டிக்கலாம். தம்பி, ஏழாம் பக்கத்துல என்ன இருக்குன்னு இன்னொரு தடவ சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். வேற வழி என்னதான் இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார், யாரையும் பார்க்காமல்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மாதாமாதம் நான் இருநூறு துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுக்கிறேன். கோர்ட்டுக்குப் பின்னால், சட்ட உதவி அலுவலக மாடியில், கடனில் தத்தளிப்பவர்களுக்கு இலவச ஆலோசனை, புதனும் வெள்ளியும். ஊரார் ரகசியத்தை எல்லாம் படிக்கிறவன், எல்லோரும் படிக்கட்டும் என்று அடித்த காகிதத்தைப் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. கழிவுத்தாள் கட்டுக்குள் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். நான் எதற்கு என்றால், ஃபைல் தூக்க. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுற்றும்போது கிறீச்சிடும் ஃபேன். ஆலோசனை சொல்கிற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் பார்த்ததும், இந்த மாதிரி லெட்டர் நானே முப்பது வருஷம் அனுப்பியிருக்கேன், பயப்படாதீங்க, ஆனா ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க என்றார். இங்கே எதற்கும் கட்டணம் இல்லை, உதவுகிறேன் என்று வருகிறவன் காசோ பத்திரமோ கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள் என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

பிறகு ஒரு தாளில் கோடு கிழித்து ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மாதத்துக்கு எத்தனை சோபா? அண்ணன் எட்டு என்றார். உறை தைப்பதில் அக்காவுக்குத் தனியாக வருவது எவ்வளவு? கடை வாடகை? மகள் ஹாஸ்டல்? அரிசி, பால், கரண்ட், பஸ்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எவ்வளவு மிஞ்சும்? பதினாலாயிரம் என்று வந்தது. அதை வட்டம் போட்டார். வங்கியில் போய்த் தவணையைக் குறைத்து, கடன் காலத்தை நீட்டித் தரும்படி கேட்க வேண்டும். பாக்கியை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, மீதிக் கடனோடு சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஏன் கட்ட முடியாமல் போனது என்று ஒரு கடிதம், இந்தத் தாள், கையிலிருக்கிற பணம், மூன்றையும் கொண்டுபோக வேண்டும்.

"கையில எட்டாயிரந்தான் இருக்கு. பாதிகூட இல்ல. வாங்குவாங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"வாங்குவாங்க. மொத மாசம் அந்தப் பதினோராயிரத்த எடுத்துக்கிட்டு நேரா போய் நின்னிருந்தீங்கன்னா அநேகமா இந்த லெட்டரே வந்திருக்காது."

அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அண்ணன் தாங்கியிருக்க மாட்டார்.

கடிதத்தை அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "தவணையைச் செலுத்த இயலவில்லை" என்ற வரி வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். இயலவில்லை என்று வேண்டாம், தாமதமாகிவிட்டது என்று போடலாமே என்றார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாமதம் என்றால் நாளைக்கு வந்துவிடும் என்று அர்த்தம், நாளைக்கு வந்துவிடுமா என்று கேட்டார். இயலவில்லை என்றே எழுதினேன். கிளம்பும்போது அவர் அண்ணனிடம் தனியாகச் சொன்னார்: "இந்தத் தாள்ல ஒரு நம்பர் பொய்யா இருந்தாலும் மூணாவது மாசம் திரும்ப இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க. ரெண்டாவது தடவ வங்கியில கதவு இவ்வளவு சுலபமா திறக்காது."

சனிக்கிழமை சிரிப்புக்காரர் வந்தார். அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, எங்களுக்கு வேண்டாங்க என்றார். அப்போதும் அவர் சிரித்தார். போகிற வழியில் என் கடைப் பக்கம் பார்த்தபோது மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வங்கி. கடன் பிரிவு அதிகாரி சின்னப் பையன்தான், முப்பதுகூட இருக்காது. ஃபைலில் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து அண்ணனையே பார்த்தார். "நாப்பத்தியொரு தடவ கூப்பிட்டிருக்கேன் சார். ஒரே ஒரு தடவ எடுத்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். இவ்வளவு நாள் போனில் அடித்துக்கொண்டிருந்தது ஒரு ஆள் என்பதை அண்ணன் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நாற்காலியில் சரியாக உட்காராமல் விளிம்பில் உட்கார்ந்தார்.

அதிகாரி கடிதத்தைப் படித்தார். எட்டாயிரத்தை வாங்கி ரசீது போடச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, இனிமேல் மாசம் எவ்வளவு கட்ட முடியும், உண்மையா சொல்லுங்க, மேலே அனுப்பப் போறேன் என்றார்.

"பதினெட்டையே கட்டிரலாம் சார். மேல ஒரு ரெண்டு மூணும் சேர்த்துக்கூட" என்றார் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய பழக்கம் வாய்வரை வந்து நிற்கிறது. அக்கா மேஜைமேல் அந்தத் தாளை நகர்த்தி வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "பதினாலு சார். அதுக்குமேல முடியாது."

அதிகாரி பதினாலு என்று எழுதப்போனார்.

"பத்து" என்றார் அண்ணன்.

பேனா நின்றது. "தாள்ல பதினாலுன்னு இருக்கே சார்?"

"அது மாசம் எட்டு சோபா கணக்கு. எட்டு முடியாது. நாலுதான் முடியும்." வலது தோளைத் தொட்டார். "வலது கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குது சார். சுத்தியல ஓங்க முடியல. ரெக்சின இழுத்துப் பிடிக்க முடியல. இடது கையாலதான் ஒட்டிக்கிட்டு இருக்கேன். டாக்டர் இனிமே முழுசா சரியாகாதுன்னுட்டாரு."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார், நம்பவில்லையோ என்று நினைத்த மாதிரி. அது மார்பு உயரத்துக்கு வந்தது, அங்கேயே நடுங்கி நின்றது. கீழே இறக்க இடது கையால் பிடித்துக்கொண்டார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அந்தக் கையையே பார்த்தார். ஒரே அறையில், ஒரே வேலையில், கைக்கு எட்டும் தூரத்தில் இத்தனை நாளும் இருந்த கை அது. பிறகு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பதினாலை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதி அதிகாரியிடம் தள்ளினார்.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பத்தாயிரம், பிறகு நிலைமையைப் பார்த்து ஏற்றுவது, கடன் காலம் ஆறு வருஷம் நீட்டிப்பு, ஏல நடவடிக்கை நிறுத்தம். கடன் தீரும்போது அண்ணனுக்கு எழுபது தாண்டிவிடும். வீடு இருக்கிறது. அக்கா உறைத் தையலுக்கு வெளிக் கடைகளிலும் ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது அன்றைக்கு வங்கியை விட்டு வெளியே வந்ததும் நடந்ததை.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. மழை விட்டிருந்தது, ரோட்டோரம் தண்ணீர் தேங்கியிருந்தது. மூன்று பேரும் வரிசையாக நின்றோம். பேச்சை எடுத்தது அக்காதான்.

"எப்பலேர்ந்து?"

"தியேட்டர் வேலை நடுவுல."

"டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?"

"அளவெடுக்கப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு மூணு தடவ போனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரியானதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். கடிதம் வந்த நாளிலிருந்து இவ்வளவு நாளும் அழாதவர் அப்போது அழுதார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சரியானதுக்கப்புறம் அத எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. அவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் மட்டும் ஃபைலோடு ஏறிக்கொண்டேன்.